தலையாட்டுவது பதில் இல்லை

அவள் பெயரை எழுதப் போவதில்லை. எங்கள் செட்டில் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால் பெயர் இல்லாமலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு, ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனையோடு சேர்ந்த நர்சிங் பள்ளியில் என்னோடு ஒரே அறையில் இருந்த பெண் என்று சொன்னால் போதும்.

ஆள் குள்ளம். மருந்து ட்ராலியை அவள் தள்ளி வரும்போது, ட்ராலிதான் அவளை இழுத்துக்கொண்டு வருகிறதோ என்று தோன்றும். அவ்வளவு மெதுவாக வருவாள். ஒரு கட்டிலுக்கு அவள் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் நான் நாலு கட்டில் முடித்திருப்பேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

அவள் தாமதத்துக்குக் காரணம் ஒரே ஒரு கேள்விதான். மாத்திரையோ ஊசியோ, கொடுப்பதற்கு முன்னால் கட்டிலருகே நின்று, "உங்க பேரு சொல்லுங்க" என்பாள். நேற்றுக் கேட்டிருப்பாள், முந்தாநாள் கேட்டிருப்பாள், அன்று காலையில்கூடக் கேட்டிருப்பாள். மறுபடியும் கேட்பாள். பதிலைக் கேட்டு, சீட்டில் இருப்பதைப் படித்து, மருந்து லேபிளை வாய்விட்டுப் படித்து, அப்புறம்தான் கை நீளும்.

ஓசூர் வார்டில் தமிழ் மட்டும் தெரிந்தால் ஒரு கட்டில்கூடத் தாண்ட முடியாது. ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரர்கள், குப்பம் பக்கத்துத் தெலுங்குக்காரர்கள், கம்பெனிகளில் வேலை செய்ய வந்த பீகார், ஒடிசாப் பையன்கள் என்று எல்லோரும் இருப்பார்கள். அவள் ஊத்தங்கரைக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரி. தமிழைத் தவிர வேறு எதுவும் தெரியாது. முதல் வாரமே பாக்கெட் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டாள்: நிம் ஹெசரு ஏனு? மீ பேரு ஏமி? ஆப்கா நாம் க்யா ஹை? மூன்றையும் ஊத்தங்கரை இழுவையில் கேட்பாள். காய்ச்சலில் கிடக்கும் ஒடிசாப் பையன்கள்கூடச் சிரித்துவிடுவார்கள். சிரித்துக்கொண்டே பெயரைச் சொல்வார்கள்.

எல்லோரும் சிரிக்கவில்லை. சூளகிரிக்காரர் ஒருவர், சொந்தமாக நாலு லாரி வைத்திருந்தவர், ஒருநாள் எரிச்சலாகிவிட்டார்.

"ஏம்மா, நாலு நாளா நீதான் மாத்திரை குடுக்கற. என் பேரு இன்னும் உனக்குத் தெரியாதா?"

"தெரியும்ங்க. நீங்க சொல்லிக் கேக்கணும்."

"சொல்லலைன்னா?"

"மாத்திரை என் கையிலயே இருக்கும்ங்க."

அவர் பெயரைச் சொன்னார். சொல்லிவிட்டுப் புகாரும் சொன்னார். வார்டு இன்சார்ஜ் அவளைக் கூப்பிட்டு, பேஷண்ட்டை டென்ஷன் பண்ணாதே என்றார். அவள் "சரிங்க மேடம்" என்றாள். மறுநாள் காலை அதே கட்டிலில் அதே கேள்வி.

அவளுக்கு 'சென்சஸ்' என்று பட்டப்பெயர் வைத்தது நான்தான். மக்கள் தொகைக் கணக்கெடுக்க வந்தவள் மாதிரி வீடு வீடாகப் பெயர் கேட்கிறாள் என்று ஒருநாள் மெஸ்ஸில் நடித்துக் காட்டினேன். தட்டில் கரண்டியால் தட்டிச் சிரித்தார்கள். அவளும் லேசாகச் சிரித்தாள். அன்றிலிருந்து முதல் வருடப் பிள்ளைகள்கூட அவளை 'சென்சஸ் அக்கா' என்றார்கள்.

நானும் பெயர் கேட்காமல் இல்லை. என் முறை வேறு. கையில் சீட்டோடு போய், "முனியப்பன்தானே?" என்பேன். அவர் தலையாட்டுவார். வேலை முடிந்தது. அவள் ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு வராந்தாவில் என்னைப் பிடித்தாள்.

"'தானே'ன்னு கேக்காதடி. யாருன்னு கேளு. காய்ச்சல்ல கிடக்கறவன் நீ எதைக் கேட்டாலும் ஆமான்னு தலையாட்டுவான். தலையாட்டறது பதில் இல்ல."

"பாடம் எடுக்காத," என்றேன். பாடத்தில் இருப்பதுதான் அது. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. எனக்கு முழு மதிப்பெண். அவளுக்கு அரை மதிப்பெண் குறைந்தது. வரிசையை மாற்றி எழுதிவிட்டாளாம்.

அறையிலும் அவள் அப்படித்தான். ஒருநாள் சாயங்காலம் எனக்குத் தலைவலி. மேசை இழுப்பறையில் யாரோ வெட்டிப் போட்ட அட்டையில் இரண்டு மாத்திரைகள் இருந்தன. பெயர் இருந்த பக்கம் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. வெள்ளை மாத்திரை, நடுவில் ஒரு கோடு. தலைவலி மாத்திரை மாதிரிதான் இருந்தது. நான் வாயருகே கொண்டுபோனபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன மாத்திரை இது?"

"தலைவலி மாத்திரைதான்டி."

"எங்க எழுதியிருக்குது?"

எழுதியிருக்கவில்லை. அவள் அதை வாங்கிக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்து போய் முழு அட்டை வாங்கி வந்தாள். திரும்பி வருவதற்குள் என் தலைவலி போய்விட்டது. அதையும் மெஸ்ஸில் சொல்லிச் சிரிக்க வைத்தேன்.

எதற்காக இப்படி இருக்கிறாய் என்று ஒரே ஒருமுறை, கேலி இல்லாமல், கேட்டிருக்கிறேன். யூனிபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: "எங்கம்மாவுக்கு ரேஷன் கார்டுல ஒரு பேரு, ஆதார்ல ஒரு பேரு, ஆஸ்பத்திரி சீட்டுல இன்னொரு பேரு. மூணும் அவ பேரு இல்ல. யாரும் அவளைக் கேக்கவே இல்ல. பக்கத்துல நின்னவங்களைக் கேட்டு எழுதிக்கிட்டாங்க. அவளும் தலையாட்டிட்டு வந்துட்டா."

எனக்கு அது அப்போது சின்ன விஷயமாகத் தெரிந்தது. எங்கள் வீட்டில் யார் பெயரும் எங்கேயும் தப்பாக எழுதப்பட்டதில்லை. ராயக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்களுக்கு நிலம் இருந்தது, தக்காளி, மாந்தோப்பு. அப்பா எந்த ஆபீசுக்குப் போனாலும் நாற்காலி போடுவார்கள்.

அந்தக் காலை இரண்டாம் வருடத்தின் கடைசியில் வந்தது.

ஆண்கள் வார்டு. இடது பக்கக் கட்டில்கள் அவளுக்கு, வலது பக்கம் எனக்கு. அவள் பக்கம் ஐந்தாம் கட்டிலில் மஞ்சுநாத் என்று ஒரு லாரி டிரைவர். வயதானவர், சர்க்கரையால் காலில் புண். தினமும் காலைச் சாப்பாட்டுக்கு முன் அவருக்கு இன்சுலின். என் பக்கம் பன்னிரண்டாம் கட்டிலிலும் ஒரு மஞ்சுநாத். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது. கம்பெனியில் பிரஸ் மெஷினில் விரல் நசுங்கி வந்தவன். அன்று காலை அவனுக்கு ஆபரேஷன். முந்தின இரவிலிருந்து தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

பயிற்சி மாணவிகள் இன்சுலின் போடும்போது ஸ்டாஃப் நர்ஸ் பக்கத்தில் நிற்க வேண்டும். அன்று ஸ்டாஃப் அக்கா புதிதாக வந்த ஒரு விபத்துக் கேஸோடு இருந்தார். "ரெண்டு பேரும் முடிச்சிடுங்க" என்று தூரத்திலிருந்தே சொல்லிவிட்டார். அப்படித்தான் பல நாளும் நடக்கும்.

என் பக்கம் முடிந்துவிட்டது. அன்று மெஸ்ஸில் பூரி. எட்டு மணி தாண்டினால் தீர்ந்துவிடும். இருவரும் முடித்தால்தான் போக முடியும். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் காரணம் அதுதான். பூரி.

அவள் இன்சுலினைச் சிரிஞ்சில் எடுத்து ட்ரேயில் வைத்த நேரம், பக்கத்துக் கட்டில்காரர் வாந்தி எடுக்க ஆரம்பித்தார். அவள் சட்டென்று திரும்பி அவர் தலையைத் தாங்கிக்கொண்டு கிண்ணத்தைப் பிடித்தாள்.

"குடு, நான் போட்டுடறேன்," என்றேன்.

"வேணாம்டி. நான் எடுத்தது, நான்தான் போடணும்."

அதுவும் பாடத்தில் இருப்பதுதான். மருந்தை எடுத்தவர்தான் போட வேண்டும்.

"நீ சென்சஸ் எடுத்து முடிக்கறதுக்குள்ள மதியம் ஆயிடும். யாருக்கு, சொல்லு."

அந்த ஆள் அவள் கையிலேயே வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். "மஞ்சுநாத்துக்கு," என்றாள். அதன் பிறகும் ஏதோ சொன்னாள். நான் அதற்குள் ட்ரேயை எடுத்துக்கொண்டு திரும்பியிருந்தேன்.

காலையில் டெம்பரேச்சர் எடுக்கும்போது பன்னிரண்டாம் கட்டில் சீட்டில் பார்த்த பெயர் என் தலையில் இருந்தது. அது அவள் பக்கத்து ஊசி என்று யோசிக்காமல் நேராக அங்கே போனேன். "மஞ்சுநாத்துதானே?" என்றேன். அவன் தலையாட்டினான். கட்டுப்போடாத கையை நீட்டினான். போட்டேன். ஆபரேஷனுக்கு முன்னால் போடும் ஊசி என்று நினைத்திருப்பான். வலிக்கவில்லை என்று காட்டுவதற்காக என்னைப் பார்த்துச் சிரித்தான்.

அரை மணி நேரம் போயிருக்கும். நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். அவள் வந்தாள்.

"அஞ்சாம் கட்டிலுக்கு ஊசி போட்டியா?"

"போட்டேனே."

"இட்லி வந்துடுச்சு, இன்னும் ஊசி போடலியேங்கறாரு."

குழாயை மூடாமலே நின்றேன். அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: 'பன்னெண்டுக்குப் போட்டுட்டேன்டி.' அதற்குப் பதிலாக என் வாய், "அவருக்கு மறந்திருக்கும்," என்றது.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். வாதம் செய்யவில்லை. திரும்பி ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. நேராகப் பன்னிரண்டாம் கட்டிலுக்கு ஓடினாள்.

அவன் அதற்குள் வியர்க்கத் தொடங்கியிருந்தான். கை நடுங்கியது. அவள் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்துவிட்டு, வார்டே கேட்கும்படி கத்தினாள்: "அக்கா! பன்னெண்டாம் கட்டிலுக்கு இன்சுலின் போயிடுச்சு! வெறும் வயித்துல இருக்காரு! சுகர் எறங்குது!"

டாக்டர் வந்தார். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். நான் சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரத்தில் அவன் தெளிந்துவிட்டான். ஆபரேஷனை மறுநாளைக்குத் தள்ளி வைத்தார்கள். அவள் கத்தியிருக்காவிட்டால், அவனை அப்படியே தியேட்டருக்குள் கொண்டுபோய் மயக்க மருந்து கொடுத்திருப்பார்கள். மயக்கத்தில் இருப்பவனுக்குச் சர்க்கரை இறங்குவது வெளியில் தெரியாது. கண் விழிக்காமலே போயிருக்கலாம். இதுவும் பாடத்தில் உண்டு.

அத்தோடு முடிந்திருந்தால் மருத்துவமனை அதை உள்ளுக்குள்ளேயே முடித்திருக்கும். அவனிடம் பிரஷர் குறைந்தது என்று சொல்லிவிட்டார்கள். அவள் அவன் கட்டிலருகே போய் உட்கார்ந்து, தெரிந்த பத்துக் கன்னடச் சொற்களையும் தமிழையும் கலந்து, வேறொருவருக்குப் போட வேண்டிய மருந்து உங்களுக்குப் போய்விட்டது, இப்போது ஆபத்து இல்லை, தலை சுற்றினால் உடனே கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டாள். மதியம் அவனோடு வேலை செய்பவர்கள் இருபது பேர் ரிசப்ஷனில் வந்து நின்றார்கள்.

அப்போதுதான் ஒரு பெயர் தேவைப்பட்டது.

பிரின்சிபால் அறையில் எங்களை வரிசையாக நிற்க வைத்தார்கள். "பேஷண்ட்கிட்ட உன்னை யாரு சொல்லச் சொன்னது?" என்பதுதான் முதல் கேள்வி.

"அவரு உடம்புல போனது மேடம். அவருக்குத் தெரியணும்ல."

"வாய் பேசாத. ஊசி போட்டது யாரு? உன் பக்கத்து பேஷண்ட்டோட மருந்து. எடுத்தது நீ."

"எடுத்தது நான்தான் மேடம். கையை விட்டுக் குடுத்ததும் என் தப்பு. ஆனா போட்டது நான் இல்ல."

"பின்ன யாரு?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. நேராக முன்னால் பார்த்துக்கொண்டு, "அவங்களே சொல்லட்டும் மேடம்," என்றாள்.

பிரின்சிபால் என் பக்கம் திரும்பினார். "நீ என்ன பாத்த?"

"நான் வலது பக்கம் டெம்பரேச்சர் எடுத்துட்டிருந்தேன் மேடம். எனக்கு எதுவும் தெரியாது."

ஸ்டாஃப் அக்கா தரையைப் பார்த்தார். தான் பக்கத்தில் இல்லை என்பது வெளியே வரும் என்ற பயம் அவருக்கு. அந்தப் பையனிடம் எந்த சிஸ்டர் என்று கேட்டிருந்தார்கள். நீல யூனிபார்ம் போட்ட சிஸ்டர் என்றானாம். நாங்கள் எல்லோரும் நீல யூனிபார்ம்தான்.

என் சொல்லை நம்புவார்கள் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் பள்ளித் தாளாளருக்கும் பழக்கம். மாம்பழ சீசனில் எங்கள் தோப்பிலிருந்து அவர் வீட்டுக்குக் கூடை போகும். அவள் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்பவர். ஊரின் ஓரத்தில் காலனியில் வீடு. அதையெல்லாம் எடைபோட்டுப் பார்த்துத்தான் பொய் சொன்னேன் என்றில்லை. எடைபோடவே எனக்குத் தேவைப்படவில்லை. பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம் அது.

மறுநாள் அவள் அப்பாவை வரவழைத்தார்கள். ஒல்லியான மனிதர். ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தோளில் இருந்த துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். உள்ளே கூப்பிட அரை மணி நேரம் ஆயிற்று. வருகைப் பதிவேட்டைக் கொடுக்க நான் அந்த வழியாகப் போக வேண்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டி ஒதுங்கி, "போ தாயி," என்றார்.

நான் திரும்பி வரும்போது அவர் உள்ளே இருந்தார். கதவு திறந்தே இருந்தது. "தெரியாம பண்ணிட்டாம்மா. சின்னப் புள்ள. மன்னிச்சு உட்டுடுங்க," என்று அவர் சொல்வது கேட்டது. "நான் பண்ணலப்பா," என்றாள் அவள். "வாயை மூடு," என்றார் அவர். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஆறு மாதம் அவள் வார்டுக்குள் வரக்கூடாது என்று தண்டனை. ஸ்டெரிலைசேஷன் அறையில் பஞ்சு உருட்டவும் துணி மடிக்கவும் போட்டார்கள். கடைசிப் பரீட்சையும் எங்களோடு இல்லை, அடுத்த செட்டோடு. இரண்டு நாள் ஊருக்கு அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டார் அவள் அப்பா.

திரும்பி வந்த காலை, ஹாஸ்டல் மாடியில் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவள் தன் வாளியோடு வந்து அடுத்த கொடியில் போட ஆரம்பித்தாள். நான்தான் அழுதேன். "எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா படிப்பையே நிறுத்திடுவாருடி," என்றேன்.

"நீ சொல்லுவேன்னு நெனச்சேன்," என்றாள். "அந்த ரூம்ல நிக்கறப்ப சொல்லுவேன்னு நெனச்சேன். அப்பா வந்து நிக்கறப்பவாவது சொல்லுவேன்னு நெனச்சேன்."

ஒரு சட்டையை உதறி விரித்துக் கிளிப் போட்டாள்.

"உம்மேல கோவம் இருக்குது. இல்லைன்னு சொல்லல. ஆனா அதைவிடப் பயந்தான் அதிகமா இருக்குது. இன்னைக்கு மறைச்சவ நாளைக்கும் மறைப்ப. அன்னைக்கு உம் பக்கத்துல ஓடிப்போயிப் பாக்க ஒருத்தி இருக்கணுமே."

அடுத்த வாரம் அறை மாற்றிக்கொண்டு போய்விட்டாள். எதிரில் பார்த்தால் தலையசைப்பாள். அவ்வளவுதான். நான் நல்ல மதிப்பெண்ணோடு படிப்பை முடித்தேன்.

இப்போது போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறையில் இருக்கிறேன். சின்ன அறை, இரண்டு கட்டில். யார் வந்தாலும், தினமும் பார்க்கும் முகமாக இருந்தாலும், பெயரைக் கேட்டுவிட்டுத்தான் மாத்திரை கொடுப்பேன். போன வருடம் பாதுகாப்பு வாரத்தில் அதற்காக மேடையில் கூப்பிட்டு ஒரு கேடயம் கொடுத்தார்கள். 'இந்த நல்ல பழக்கம் எங்கே கற்றீர்கள்?' என்று மைக்கில் கேட்டார் மேனேஜர். "படிக்கும்போது சார்," என்றேன். கைதட்டினார்கள். கேடயத்தை வீட்டுக்கு எடுத்துப்போகவில்லை.

ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் பெண்கள் நிறைய. அவர்களில் ஒருத்தி தலைசுற்றல் என்று வந்து படுத்தாள். ஊர்ப்பெயர் சொன்னாள். எனக்குத் தெரிந்த ஊர். பேச்சுக் கொடுத்தேன்.

"எங்க தெருவுலயே ஒரு நர்சக்கா இருக்குதுங்க. ஊத்தங்கரையில ஒரு கிளினிக்ல வேலை. ஊர்ல யாருக்கு டாக்டரு ஊசி எழுதிக் குடுத்தாலும் அந்தக்காகிட்டதான் போட்டுக்குவோம். நம்ம பேரையே நம்மளைக் கேக்கும்." சிரித்தாள். பிறகு, "ஆனா பாருங்க, அவங்க அப்பா மட்டும் போட்டுக்க மாட்டாரு. அவருக்குத் தெனமும் சக்கரை ஊசி. காலையில வெறும் வயித்துல சைக்கிளை மிதிச்சுக்கிட்டு மெயின் ரோட்டு மெடிக்கல் கடைக்குப் போயி அந்தக் கடைக்காரர்கிட்ட போட்டுட்டு வருவாரு. ஏன்னு கேட்டா, படிக்கறப்ப அந்தக்கா யாருக்கோ ஊசியை மாத்திப் போட்டுடுச்சாம். அவருக்கு மனசு வரலையாம்."

அவளுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கலந்து கொடுத்தேன். குடித்து முடித்த டம்ளரை வாங்கிக் கழுவி, கழுவினதையே மறுபடியும் கழுவினேன்.

அன்றே போயிருக்க வேண்டும். இரண்டு மாதம் போகவில்லை. ஞாயிறு வரும், துணி துவைப்பேன், ஒரு காரணம் கிடைக்கும். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறினேன். போன் செய்யவில்லை. செய்தால் வர வேண்டாம் என்பாளோ என்றுகூட இல்லை. சரி, வா என்று சொல்லிவிட்டால் போய்த்தான் ஆக வேண்டும் என்ற பயம்.

கதவைத் திறந்தவள் அவள்தான். கொஞ்சம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்துவிட்டு, "வா," என்றாள்.

"அப்பாகிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றேன்.

என்னவென்று அவள் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். அவர் கீழே சாக்கு விரித்து விதைக்கு நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நான் நாற்காலியில் உட்காரவில்லை. அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். எங்கள் தோப்பில் வேலை செய்த, அவர் வயது மனிதர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வளர்ந்தவள் நான். அவரை எப்படிக் கூப்பிடுவது என்று ஒரு கணம் தெரியவில்லை.

"அப்பா," என்றேன். "ஓசூர்ல படிக்கறப்ப அந்தப் பையனுக்கு ஊசியை மாத்திப் போட்டது உங்க பொண்ணு இல்லீங்க. நான்தான் போட்டேன். பிரின்சிபால் கேட்டப்ப தெரியாதுன்னு பொய் சொன்னேன். அவதான் ஓடிப்போயி அவனைக் காப்பாத்தினா."

உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. என்னைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார். அவள் கதவு நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"அன்னைக்கு ஊருக்குக் கூட்டியாரப்ப பஸ்ஸுல பூரா சொல்லிக்கிட்டே வந்தா," என்றார். "நான் போடலப்பா, நான் போடலப்பான்னு. ஊத்தங்கரை வர்ற வரைக்கும் சொன்னா. நான் ஒரு வார்த்தை பதில் சொல்லல." கையில் இருந்த கடலையைச் சாக்கில் போட்டுவிட்டு, "எம் பொண்ணு பொய் சொல்றவ இல்ல. எனக்குத் தெரியும். தெரிஞ்சும், அவ்வளவு படிச்சவங்க அத்தனை பேரு சொல்றாங்களேன்னு…"

முடிக்கவில்லை. மடியில் இருந்த தோலைத் தட்டிவிட்டு எழுந்தார். துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்து, பஸ்ஸில் வரும்போதே அதற்குத் தயாராகியிருந்தேன். அது கிடைக்கவில்லை.

அவள் டீ போட்டுக் கொடுத்தாள். பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தாள். வழியில் கிளினிக் பற்றி இரண்டொரு வார்த்தை, அவ்வளவே. பஸ் தூரத்தில் தெரிந்ததும் நின்று சொன்னாள்:

"இப்பவாவது வந்தியே, சந்தோசம்னு சொல்லணும்னு நெனைக்கறேன். வாயில வர மாட்டேங்குது."

"சொல்லாத," என்றேன். ஏறிவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து, அவள் தெருவிலிருந்து வேலைக்கு வரும் அந்தப் பெண் கண்ணில் தூசி விழுந்து முதலுதவி அறைக்கு வந்தாள். கண்ணைக் கழுவிவிட்டபடியே, உங்கள் ஊர் நர்சக்காவின் அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"இருக்காருங்க. இன்னும் அந்தக் கடைக்குத்தான் போறாரு."

"இன்னுமா?"

"அந்தக்காவே போன வாரம் கூப்பிட்டுச்சுங்க, வாப்பா, நானே போட்டு உடறேன்னு. எங்கம்மா பக்கத்துலதான் இருந்தாங்க. 'எந்த மூஞ்சியோட உங்கிட்ட கையை நீட்டறது'ன்னு சொல்லிட்டு சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போயிட்டாராம். என்னான்னே புரியல."

லேபிளைப் படித்துவிட்டுச் சொட்டு மருந்தை விட்டேன். ஐந்து நிமிடம் கண்ணைத் திறக்கக்கூடாது என்றேன். இரண்டு நிமிடம் போதும். அவள் கண்ணைத் திறப்பதற்குள் என் முகத்தைத் துடைத்துக்கொள்ள எனக்கு நேரம் வேண்டியிருந்தது.